லாங் பஜார் மணிக்கூண்டின் 14 பேர்

1/ வேலூர் லாங் பஜாருக்குப் போயிருக்கீங்களா? காய்கறி, மளிகை, மூட்டை தூக்குறவங்க, ஆட்டோ ஹாரன். அந்த நெரிசலுக்கு நடுவுல ஒரு பழைய மணிக்கூண்டு நிக்குது. யாரும் நிமிர்ந்து பார்க்கிறதில்லை. பார்த்தாலும் மணி பார்க்கத்தான். அடுத்த தடவை போனா, அதுல பதிச்சிருக்கிற கல்லைக் கொஞ்சம் படிங்க.

2/ ஆங்கிலத்துல இரண்டே வாக்கியம். தமிழ்ல சொன்னா: "வேலூர். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 மகா யுத்தத்துக்குச் சென்றனர். அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர்." அவ்வளவுதான். யார் அந்த 14 பேர்? கல்லுல ஒரு பெயர் கூட இல்லை.

3/ இந்த வாசகம் வேலூருக்கு மட்டும் எழுதினது இல்லை. முதல் உலகப் போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ் அரசு, ஆள் அனுப்பிய பல ஊர்களில் இதே மாதிரி கல் பதிச்சது. வாக்கியம் ஒண்ணுதான். ஊர் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். நம்ம ஆஸ்பத்திரியில படிவம் நிரப்புற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

4/ இதை ஒரு டாக்டர் ஏன் எழுதணும்னு கேட்கலாம். காரணம் இருக்கு. அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எங்களுக்கு "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60" என்ற வரி பழக்கமானது. பஸ் ஸ்டாண்டுல, ரயில்வே தண்டவாளத்துல கிடைக்கிற உடல்கள். போலீஸ் கொண்டு வருவாங்க. நாங்க பரிசோதிச்சு எழுதுவோம்.

5/ விபத்துன்னு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஏ.ஆர். போடும்போது அங்க அடையாளம் இரண்டு எழுதணும். "வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு." உயிரோட இருக்கிறவங்களுக்கும் எழுதுவோம். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ இது என்ன வெட்டி வேலைன்னு நினைச்சிருக்கேன்.

6/ அப்புறம் ஒரு நாள் ஒரு பெரியவர் உடல் வந்தது. சட்டைப் பையில ஒண்ணும் இல்லை. முன்கையில மட்டும் ஒரு பெண்ணோட பெயர் பச்சை குத்தியிருந்தது. அதை எழுதி வெச்சோம். சில நாள் கழிச்சு ஒரு அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. அது அவங்க பெயர்தான். அன்னைக்குத்தான் புரிஞ்சது. அடையாளம் காண்பது இரண்டு பேரால நடக்குது: எழுதி வெச்ச ஒருத்தர், தேடி வந்த ஒருத்தர்.

7/ இதை மனசுல வெச்சுக்கிட்டு போர்ல இறந்தவங்க கதைக்கு வருவோம். பல வருஷம் கழிச்சுக் கிடைக்கிற ஒரு சிப்பாயின் உடலை எப்படி அடையாளம் காண்கிறாங்க? மூணு உண்மைச் சம்பவம் சொல்றேன். மூணுலயும் கிடைச்ச விடை வேற வேற அளவு.

8/ முதலாவது, பஞ்சாபில் அஜ்னாலா. 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட சிப்பாய்களின் எலும்புகள் 2014-ல் ஒரு பழைய கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டன. பற்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தாங்க. பல்லில் தங்கியிருக்கும் ஐசோடோப்புகளையும் பார்த்தாங்க. சின்ன வயசுல குடிச்ச தண்ணியும் சாப்பிட்ட சாப்பாடும் பல் எனாமல்ல ஒரு பதிவை விட்டுட்டுப் போகும்.

9/ 2022-ல் முடிவு வெளிவந்தது. இவங்க உள்ளூர் பஞ்சாபிகள் இல்லை, கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவங்க. 26ஆம் வங்காளக் காலாட்படைச் சிப்பாய்கள் அங்கே கொல்லப்பட்டாங்க என்ற எழுத்துப் பதிவோட அது பொருந்துச்சு. பெரிய சாதனைதான். ஆனா அந்த எலும்புகள்ல ஒண்ணைக் காட்டி "இவர் இன்னார்" என்று சொல்ல முடியலை. அறிவியல் ஊரைச் சொல்லிச்சு. பெயரைச் சொல்லலை.

10/ இரண்டாவது, பிரான்ஸில் ரிஷ்புர்க். 2016-ல் மண்ணைத் தோண்டும்போது முதல் உலகப் போர்க் கால உடல்கள் கிடைச்சன. சீருடையில் இருந்த அடையாளத்தை வெச்சு 39ஆம் கர்வால் ரைபிள்ஸ் வீரர்கள் என்று கண்டுபிடிச்சாங்க. 2017 நவம்பரில் பக்கத்திலுள்ள லவன்டி கல்லறையில் ராணுவ மரியாதையோட அடக்கம் நடந்தது. இங்கே படைப்பிரிவு தெரிஞ்சது. பெயர் இங்கேயும் கிடைக்கலை.

11/ மூணாவது, சியாச்சின். 1984 மே மாதம், ஆபரேஷன் மேக்தூத். 19 குமாவுன் படையின் லான்ஸ் நாயக் சந்திரசேகர் பனிச்சரிவில் சிக்கிக் காணாமப் போனார். 38 வருஷம் கழிச்சு, 2022 ஆகஸ்டில் உடல் கிடைச்சது. கூடவே ராணுவ எண் பொறிச்ச உலோக வில்லையும் இருந்தது. எண் பதிவேட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு, பதிவேடு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஹல்த்வானியில அவர் மனைவி காத்திருந்தாங்க.

12/ இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க. எலும்பு வயசைச் சொல்லும், ஆணா பெண்ணா சொல்லும், உயரம் சொல்லும். டி.என்.ஏ. வம்சத்தைச் சொல்லும். ஆனா "இவர் இன்னார்" என்று சொல்லணும்னா ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொந்தக்காரர் ரத்தம் வேணும், இல்லைன்னா ஒரு காகிதம் வேணும். லேப் மட்டும் தனியா எந்தப் பெயரையும் கண்டுபிடிக்காது.

13/ இப்போ நம்ம 14 பேர். அவங்க விஷயத்துல எல்லாம் தலைகீழ். ஊர் தெரியும், எத்தனை பேர்னு தெரியும். உடல் எங்கே, பெயர் என்ன, கல்லு சொல்லலை. இந்து வீரர்களாக இருந்தா பெரும்பாலும் தகனம் பண்ணியிருப்பாங்க. முஸ்லிம், கிறிஸ்தவ வீரர்களை அடக்கம் பண்ணியிருப்பாங்க. எரிச்ச ஒருத்தருக்குத் தோண்டி எடுக்க எலும்பு கூட மிச்சம் இருக்காது. அவருக்கு மிச்சம் இருக்கக்கூடிய ஒரே உடம்பு அவர் பெயர்தான்.

14/ அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனாங்க. சுமார் 74,000 பேர் திரும்பலை. மெட்ராஸ் மாகாணத்துப் படைகள்ல பல ஆப்பிரிக்காவுக்கும் மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) போச்சு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61ஆம் பயனியர்ஸும் இறங்கின. மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில் வேலை செஞ்சது.

15/ மெசபடோமியாவைப் பத்தி டாக்டர்கள் கட்டாயம் படிக்கணும். வெயில், காலரா, வயிற்றுக்கடுப்பு. குட் நகர முற்றுகையில் (1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை) பிரிட்டிஷ் வீரர்களுக்கு பெரிபெரி, இந்திய வீரர்களுக்கு ஸ்கர்வி. ஒரே முற்றுகை, ரேஷன் வேற வேற, அதனால வைட்டமின் குறைபாடும் வேற வேற. மருத்துவ ஏற்பாடு எவ்வளவு மோசம்னா, அந்தப் போர்முனையை விசாரிச்ச ஆணையம் அதையும் விசாரிச்சு 1917-ல் அறிக்கை வந்தது.

16/ அங்கே அமாரா என்ற ஊரில் இந்திய வீரர்களுக்கான கல்லறை இருக்கு. சுமார் 5,000 பேர் அங்கே இருக்காங்க. அதுல பெயர் தெரிஞ்சவங்க எத்தனை பேர் தெரியுமா? 9 பேர். அடக்கம் பண்ணும்போது ராணுவம் முழுசா பதிவு வைக்கலை. அவ்வளவுதான் காரணம். குண்டு சிதைச்சதால இல்லை, வெள்ளம் அடிச்சதால இல்லை. யாரும் எழுதலை.

17/ எழுதி வெச்ச இடத்துலயும் ஒரு பாகுபாடு இருந்தது. 1917-ல் தொடங்கின போர்க் கல்லறை ஆணையத்தோட கொள்கை அருமையானது: பதவி, இனம், மதம் பார்க்காம ஒவ்வொருத்தர் பெயரும் கல்லில் இருக்கணும். பிரான்ஸில் நூவ்-ஷாப்பெல் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் இருக்கு. சிப்பாய் பெயரும் இருக்கு.

18/ ஆனா 1929-ல் திறந்த பாஸ்ரா நினைவிடத்தைப் பாருங்க. 40,000-க்கும் மேற்பட்டவங்களுக்கான நினைவிடம். பிரிட்டிஷ் வீரர் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகள் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவு பெயரைப் போட்டு, பக்கத்துல எத்தனை பேர்னு ஒரு எண். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுஷங்க அப்படி எண்ணா மாறினாங்க.

19/ ஐரோப்பாவில் செத்தா பெயர், ஆசியாவில் செத்தா எண். 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே (இப்போ காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) இதை ஒத்துக்கிச்சு. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாம நினைவுகூரப்பட்டிருக்காங்க. இன்னும் குறைஞ்சது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர் வரை, பெயரோட நினைவுகூரப்படலை அல்லது நினைவுகூரப்படவே இல்லைன்னு அறிக்கை சொல்லுச்சு. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார்.

20/ "அந்தக் காலத்துல அப்படித்தாங்க, சாதாரண ஆள் பெயரை யார் எழுதுவாங்க" என்று ஒரு சமாதானம் சொல்வாங்க. இதை மட்டும் நம்ம வட ஆற்காட்டுக்காரங்க ஏத்துக்கக் கூடாது. ஏன்னா இந்த மண்ணுலதான் இதுக்கு நேர் எதிரான சாட்சி கல்லாவே நிக்குது.

21/ பழைய வட ஆற்காடு மாவட்டம், செங்கம் பக்கம் எடுத்தனூர். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் கவர வந்தவங்களோட சண்டை போட்டு ஒரு வீரன் செத்தான். அவன் ராஜா இல்லை, தளபதி இல்லை. ஒரு சிற்றரசர் குடும்பத்தைச் சேர்ந்தவரின் சேவகன். நடுகல்லில் பெயர் இருக்கு: கருந்தேவக்கத்தி.

22/ அதோட முடியலை. அவனோட ஒரு நாய் இருந்தது. கள்ளனைக் கடிச்சுக் காவல் காத்தது. அந்த நாயின் உருவமும் அதே கல்லில் செதுக்கியிருக்கு. பெயரும் எழுதியிருக்கு: கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன்னாடி, செங்கத்துக்காரங்க ஒரு நாயோட பெயரைக் கூட விடலை. 1929-ல் ஒரு பேரரசு முப்பதாயிரம் பேருக்கு எண் மட்டும் போட்டது.

23/ ஆம்பூரிலும் பல்லவர் கால நடுகற்கள் இரண்டு உண்டு. நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டு. நுளம்பன் படை மாடு கவர வந்தப்போ மீட்கப் போய் விழுந்த வீரர்களுக்கு வெச்சது. எந்த அரசன் காலம், எந்த ஊர், எதிரி யார், செத்தவன் யார், யாருக்கு உறவு: எல்லாம் வரிசையா இருக்கும். ஒரு நல்ல மெடிக்கோ-லீகல் ரிப்போர்ட் மாதிரி. நடுகல் எடுக்க ஆறு படிநிலை சொல்லி முறை வகுத்தது தொல்காப்பியம்.

24/ பிரிட்டிஷ்காரங்க மேல மட்டும் பழியைப் போட்டுட்டு நாம நகர முடியாது. வேலூர்னா 1806 ஜூலை 10 நினைவுக்கு வரும். மக்கான் சந்திப்புத் தூணுக்குப் பக்கத்துல ஜூலை 10 அன்னிக்கு மாலை போடுறோம். 2006-ல் தபால்தலை கூட வந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்னைக்குக் கோட்டைக்குள்ள செத்தாங்க. அதுல எத்தனை பெயர் நமக்குச் சொல்லத் தெரியும்? நாமும் அவங்களை மொத்தமா "சிப்பாய்கள்"ன்னுதான் சொல்றோம்.

25/ சரி, 14 பேரைத் தேட முடியுமா? முடியும். போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்தில் இறந்தவங்க பட்டியல் இலவசமா இருக்கு. பாஸ்ராவில் எண்ணா நின்ன பலரோட பெயரும் அதுல தேடினா வரும். நிறைய இந்திய வீரர்களுக்கு அப்பா பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் வரை குறிச்சிருக்கு. வேலூர், வட ஆற்காடு என்று தேடத் தொடங்கலாம்.

26/ ஒரு எச்சரிக்கை. நம்ம பெயர்களை அன்னைக்கு இங்கிலீஷ்ல எழுதின குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பார். முனிசாமியை எத்தனை விதமா எழுதலாம்னு யோசிங்க. ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி எல்லாத்துக்கும் இதே கதி. அதனால ஒரு எழுத்துக்கூட்டல்ல கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை.

27/ இது நடக்கிற காரியமான்னு சந்தேகப்படுறவங்களுக்கு: பஞ்சாப் செஞ்சு காட்டிட்டாங்க. லாகூர் அருங்காட்சியகத்துல கிடந்த பழைய கிராமவாரிப் பதிவேடுகளில் சுமார் 3,20,000 வீரர்கள் விவரம் இருந்தது. அதை 2021-ல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினாங்க. பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் தங்கள் ஊர் பெயரைப் போட்டுத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறாங்க. தொடங்கினது, "எங்க தாத்தா எங்கே" என்று கேட்ட குடும்பங்களும் சில ஆர்வலர்களும்தான்.

28/ நம்ம பகுதிக்கும் அந்தப் போருக்கும் ஆள் அனுப்பினது மட்டும் உறவு இல்லை. பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு மெட்ராஸ் மாகாணத்தில் பதனிட்ட தோல் அவ்வளவு தேவைப்பட்டதால, 1916-ல் அந்த வியாபாரத்தையே அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கிச்சு. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் ஈரமண்ணுல துணியை விட ரொம்ப நாள் தாங்கும். பிரான்ஸில் இன்னைக்கும் தோண்டும்போது பூட்ஸ் கிடைக்குது. அதுல சில தோல் நம்ம பாலாற்றங்கரைத் தொட்டியில ஊறினதா இருக்கலாம்.

29/ அந்தத் தோலுக்குக் கணக்கு எழுதினாங்க. எத்தனை தோல், என்ன தரம், யாருக்கு எவ்வளவு பாக்கி. கணக்கு எழுதத் தெரியாத ஊர் இல்லை இது. 14 பேரைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும்.

30/ இப்போ உங்ககிட்ட ஒரு வேலை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரங்க, வீட்டுப் பரண், தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி பாருங்க. கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையா ராணுவத்துக்குப் போன ஊர்க்காரங்க முக்கியமா பாருங்க. ஒரு பக்கம் அஞ்சாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல ஒரு மனுஷன், 1914, 1918 என்ற வருஷங்கள். அப்படி ஒரு மெடல் இருந்தா, அதோட விளிம்பைப் பாருங்க.

31/ விளிம்புல, நாணயத்துக்குக் கோடு போட்டிருக்கிற இடத்துல, பொடி எழுத்துல எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிச்சிருக்கும். அதுதான் சியாச்சின் வில்லை மாதிரி உங்க குடும்பத்துக்கான சாவி. தயவுசெஞ்சு சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சிடும். படைவீரர்களுக்குக் கொடுத்தது வெள்ளி மெடல். அதனாலேயே நிறைய மெடல் ஆசாரி கிட்ட உருகிப் போச்சு. உருக்கிட்டா திரும்ப வராது.

32/ போட்டோ எடுத்து வைங்க. வீட்டுல 80, 90 வயசுல யாராவது இருந்தா இன்னைக்கே கேளுங்க: "நம்ம வீட்டுல பஸ்ராவுக்குப் போனவங்க யாராவது உண்டா?" பஸ்ரான்னே கேளுங்க. அவங்க இராக்னு கேட்டிருக்க மாட்டாங்க. போய்த் திரும்பாத ஒரு மாமாவை, ஒரு பெரியப்பாவை அவங்க அம்மா சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்தப் பெரியவங்க போயிட்டா, தேடி வர ஆள் இல்லாம போயிடும். எங்க மார்ச்சுவரி அனுபவத்துல சொல்றேன், ரொம்ப நாள் யாரும் வரலைன்னா அந்த ஃபைலை மூடிடுவாங்க.

33/ மணிக்கூண்டுக் கல்லை மாத்த வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், அதுவும் வரலாறுதான். பக்கத்துல இன்னொரு சின்னக் கல் வைக்கலாம். மேல தமிழ்ல "பெயர்கள்" என்று போட்டு, 1 முதல் 14 வரை இடம் விட்டு. ஒரு பெயர் உறுதியானா ஒரு வரி நிரப்பலாம். எல்லாம் நிரம்ப எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை. கோவிவனுக்கு ஒரு வரி கொடுத்த மாவட்டம் இது.